சௌத்எண்ட் கடற்பாலம்: அப்பா அம்மாவை எந்த நாளில் அழைத்துப் போகலாம்?

நாகைக்காரன் (இல்ஃபோர்டு)

அப்பாவும் அம்மாவும் நாகப்பட்டினத்திலிருந்து வந்திருக்கிறார்கள். ஆறு வாரம் இருப்பார்கள். அரண்மனை, டவர் பாலம், மியூசியம் எல்லாம் ஒரு சுற்று காட்டியாகிவிட்டது. மூன்றாவது நாளே அப்பா, "இங்கே கடல் எந்தப் பக்கம்பா?" என்று கேட்டார். முப்பத்தைந்து வருடம் விசைப்படகு எஞ்சின் பழுது பார்த்தவர். கடல் பார்க்காமல் அவருக்கு ஒரு வாரம் ஓடாது.

என் கஷ்டம் இதுதான். நாலு வருடத்துக்கு முன் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு லண்டனுக்குக் கிழக்கே இருக்கும் சௌத்எண்ட் போனேன். வாளியும் மண்வாரியும் வாங்கிக்கொண்டு மதியம் ஒரு மணிக்கு இறங்கினால் கடலைக் காணோம். கண்ணுக்கு எட்டிய தூரம் சாம்பல் நிறச் சேறு. படகுகள் ஒருக்களித்துப் படுத்துக் கிடந்தன. சிப்ஸ் சாப்பிட்டுவிட்டு அடுத்த ரயிலில் திரும்பிவிட்டோம். கரையிலிருந்து கடலுக்குள் நீளும் அந்தக் கடற்பாலத்தில் (இங்கே பியர் என்பார்கள்) ஏறவே இல்லை.

அம்மாவுக்கு முழங்கால் வலி, அதிகம் நடக்க முடியாது. இன்னொன்றும் உண்டு. 2004 சுனாமியில் எங்கள் தெருவில் பலரை இழந்தோம். "கடல் உள்வாங்கியது" என்று டிவியில் செய்தி வந்தாலே அம்மா எழுந்து உள்ளே போய்விடுவார். அவரைக் கூட்டிப்போய் வற்றிக் கிடக்கும் கடலைக் காட்ட எனக்குத் தைரியம் இல்லை. பிரைட்டன் பக்கம் போய்விடலாமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

அண்ணாச்சி (ஈஸ்ட்ஹாம்)

தம்பி, சௌத்எண்டைக் கைவிடாதீர்கள். இருபது வருடமாக வருடத்துக்கு நாலு தடவையாவது போகிறேன். நீங்கள் போனது நேரம் தவறிய நாள், அவ்வளவுதான்.

அங்கே இருப்பது திறந்த கடல் இல்லை, தேம்ஸ் ஆறு கடலில் சேரும் முகத்துவாரம். தரை தாம்பாளம் மாதிரி தட்டை. வற்றத்தில் தண்ணீர் ஒரு மைலுக்கு மேல் விலகிப் போய்விடும். ஏற்றத்தில் திரும்பி வந்து கரைச்சுவரைத் தொடும். இதற்கு நடுவில் ஆறு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல் ஆகும். சில நாட்களில் நீர்மட்டம் ஐந்து மீட்டருக்கு மேல் ஏறி இறங்குகிறது. நம் சோழமண்டலக் கரையில் ஒரு மீட்டர் ஏறி இறங்கினாலே அதிகம், அதனால்தான் நமக்கு இது பழக்கமில்லை.

அந்தப் பாலம் அங்கே நிற்பதற்கே அந்தச் சேறுதான் காரணம். 1800-களின் தொடக்கத்தில் லண்டன் மக்கள் நீராவிப் படகில் ஏறிக் கடற்காற்று வாங்கப் போனார்கள். சௌத்எண்டில் வற்றத்தில் படகு கரைக்கு வர முடியாது. எல்லாரும் இந்த ஊரைத் தாண்டி மார்கேட்டுக்குப் போய்விட்டார்கள். வில்லியம் ஹேகேட் என்ற முன்னாள் லண்டன் மேயர், படகு கரைக்கு வராவிட்டால் கரையைப் படகிடம் கொண்டுபோவோம் என்று முயற்சி எடுத்து, 1830-இல் மரத்தால் ஒரு பாலம் திறந்தார்கள். அதுவும் ஆழத்தை எட்டவில்லை. நீட்டினார்கள், இன்னும் நீட்டினார்கள். 1840-களின் கடைசியில் 7,000 அடி ஆகிவிட்டது. இப்போது நிற்கும் இரும்புப் பாலம் 1889-இல் திறந்தது. இன்றைய நீளம் 2 கிலோமீட்டருக்கு மேல், 1.3 மைல் கணக்கு. உல்லாசத்துக்கான கடற்பாலங்களில் உலகிலேயே நீளமானது இதுதான். பெருமைக்காக நீட்டியதில்லை, தண்ணீரைத் துரத்திக்கொண்டே போனதில் வந்த நீளம்.

அம்மாவின் முழங்காலைப் பற்றிக் கவலை வேண்டாம், பாலத்தின் மேலேயே ரயில் ஓடுகிறது. 1890-இலிருந்து அங்கே ரயில் உண்டு. பத்து நிமிடத்தில் கடல் முனைக்குக் கொண்டுபோய் விட்டுவிடும்.

இப்போது நாள் பார்க்கும் வித்தை. உங்கள் வீட்டில் தினசரி காலண்டர் மாட்டியிருக்கிறதா? அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் சௌத்எண்டில் பெரிய ஏற்றம் கோடைகாலக் கடிகாரப்படி (ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைத்தது) பகல் ஒன்றரை, இரண்டு மணிவாக்கில் வரும். அரை நிலா நாட்களில், அதாவது அஷ்டமி வாக்கில், அதே நேரத்தில் கடல் வற்றிக் கிடக்கும். எந்த வருடமும் இது மாறாது. அஷ்டமி நவமியில் கிளம்பாதே என்று எங்கள் ஆச்சி சொல்வார். சௌத்எண்ட் விஷயத்தில் ஆச்சி சொன்னது அப்படியே சரி. நீங்கள் பிள்ளைகளோடு போன நாள் எது என்று காலண்டரில் பாருங்கள்.

போகுமுன் இணையத்தில் ஏற்ற வற்ற அட்டவணையையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். காலண்டர் நாளைச் சொல்லும், நிமிடத்தைச் சொல்லாது.

நாகைக்காரன்

அண்ணாச்சி, போனில் பழைய படத்தைத் தேடித் தேதி பார்த்தேன். வளர்பிறை அஷ்டமி! அம்மாவிடம் சொன்னேன், "ஒரு போன் பண்ணிக் கேட்டிருந்தா நான் சொல்லியிருப்பேனே" என்றார்.

குறிகட்டுவான் (ஹாரோ)

அண்ணாச்சி சொன்னது நல்ல விளக்கம். எங்கள் யாழ்ப்பாணப் பக்கத்தில் இதை வற்றுப்பெருக்கு என்போம். ஊரில் நயினாதீவுப் படகுக்காக இறங்குதுறையில் நின்று சிறு வயதிலிருந்தே கடலைப் பார்த்து வளர்ந்தவன் நான். அப்படிப்பட்ட எனக்கே இந்த நாட்டுக் கடலை விளங்கிக்கொள்ளக் கனகாலம் எடுத்தது. அதனால் ஒன்று சொல்ல வேண்டும், எல்லாரும் தயவுசெய்து வாசியுங்கள்.

2016 ஆகஸ்ட் 24-ஆம் தேதி, தென்கரையில் கேம்பர் சாண்ட்ஸ் என்ற கடற்கரையில் லண்டனிலிருந்து போன ஐந்து தமிழ் இளைஞர்கள் ஒரே நாளில் கடலில் இறந்தார்கள். நல்ல வெயில், விளையாடப் போன பிள்ளைகள். அன்று அங்கே உயிர்காப்பாளர்கள் பணியில் இல்லை, அதன் பிறகுதான் அவர்களைப் பணியில் அமர்த்தினார்கள். அந்தக் கரையும் தட்டையான மணல். வற்றத்தில் வெகுதூரம் நடந்து போகலாம், இடையிடையே மணல் திட்டுகள் இருக்கும். பெருக்கு வரும்போது தண்ணீர் முன்னால் மட்டும் வராது. திட்டுக்குப் பின்னால் உள்ள பள்ளத்தை முதலில் நிரப்பும். திரும்பிப் பார்க்கும்போது கரைக்கும் உங்களுக்கும் நடுவில் கடல் இருக்கும்.

அந்த வாரம் எங்கள் கோயிலில் ஒருவரும் சத்தமாகக் கதைக்கவில்லை. அன்றிலிருந்து எந்தக் கடற்கரைப் பயணம் பற்றிக் கேட்டாலும் நான் முதலில் சொல்வது இதைத்தான். சிவப்பும் மஞ்சளுமான இரண்டு கொடிகளுக்கு நடுவில் மட்டும் குளியுங்கள், அந்தப் பகுதியைத்தான் உயிர்காப்பாளர்கள் பார்த்துக்கொண்டிருப்பார்கள். முழுச் சிவப்புக் கொடி என்றால் கால் வைக்கக் கூடாது. ஆரஞ்சு நிறக் காற்றுப்பை பறந்தால் காற்று நிரப்பிய மிதவைகளை இறக்க வேண்டாம், காற்று பிள்ளையோடு சேர்த்து வெளிக்கடலுக்கு இழுத்துவிடும். அவசரம் என்றால் 999 அழைத்துக் கடலோரக் காவல் வேண்டும் என்று கேளுங்கள். தண்ணீரில் மாட்டிக்கொண்டால் நீந்தப் போராடாமல் மல்லாந்து மிதந்து மூச்சைச் சீராக்குங்கள். குளிர்ந்த நீரின் அதிர்ச்சி அடங்கச் சற்று நேரம் வேண்டும்.

சௌத்எண்ட் சேற்றிலும் வற்றம் என்று எண்ணி வெகுதூரம் நடக்க வேண்டாம். அங்கே மாட்டிக்கொள்பவர்களை மீட்கவே உயிர்காப்புப் படகு நிறுவனம் காற்றணையில் ஓடும் ஊர்தி ஒன்றை வைத்திருக்கிறது. படகு போக முடியாத சேற்றில் அது போகும்.

பிரைட்டன் தென்றல் (ஹோவ்)

குறிகட்டுவான் அண்ணாவுக்கு நன்றி. அந்த ஐந்து பேரையும் நான் ஒவ்வொரு கோடையிலும் நினைப்பதுண்டு.

நாகைக்காரன், பிரைட்டனுக்கு வந்தால் கடல் எப்போதும் கரையிலேயே இருக்கும். வற்றத்திலும் சௌத்எண்ட் மாதிரி வெகுதூரம் விலகாது. ஆனால் கரை மணல் இல்லை, பெரும்பாலும் கூழாங்கல். அம்மாவின் முழங்காலுக்கு அது பெரிய சிரமம், என் மாமியார் இரண்டு அடி வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். பாலத்தின் மேல் பலகைத் தளம் சமமாக இருக்கும், நடக்கலாம். 1899-இல் திறந்த அந்தப் பேலஸ் பியர் 525 மீட்டர்தான். அதற்கு முன் அருகில் சங்கிலியில் தொங்கிய பாலம் ஒன்று இருந்தது, 1896 புயலில் போய்விட்டது.

எனக்குப் பிடித்தது உயிரோடு இருக்கும் பாலம் அல்ல, பக்கத்தில் இருக்கும் மேற்குப் பாலத்தின் எலும்புக்கூடு. யூஜீனியஸ் பிர்ச் வடிவமைத்து 1866-இல் திறந்தது. இவர் ஒருவரே இந்த நாட்டில் 14 கடற்பாலங்கள் வடிவமைத்திருக்கிறார். 1975-இல் மூடினார்கள், 2003-இல் இரண்டு முறை தீப்பிடித்தது. இப்போது கரையோடு தொடர்பே இல்லாமல் கடலுக்குள் இரும்புக் கூடு மட்டும் நிற்கிறது. குளிர்கால அந்தியில் ஆயிரக்கணக்கான சோளக்குருவிகள் பாலங்களுக்கு மேல் புகை மாதிரி சுருண்டு பறந்து, அடைய இறங்கும். அதைப் பார்க்க நவம்பரில் மேலங்கி போட்டுக்கொண்டு நின்றிருக்கிறேன். உங்கள் பெற்றோர் கோடையில் வந்திருப்பதால் அது கிடைக்காது.

நானே சொல்கிறேன், உங்கள் அம்மாவுக்கு சௌத்எண்ட்தான் சரி.

மணல்மேடு (ஸ்லவ்)

மாற்றுக் கருத்து. பியர் என்று போனாலே நாணயம் போடும் இயந்திரங்களின் சத்தம், சர்க்கரைப் பஞ்சு, எண்ணெய் வாசம். இரண்டு பென்னி நாணயங்களைத் தள்ளிவிடும் அந்தப் பெட்டிகளில் என் மகன் ஒரு மணி நேரத்தில் பத்து பவுண்டு கரைத்தான். கடல் பார்க்க வேண்டும் என்றால் போர்ன்மத் போங்கள். ஏழு மைல் நல்ல மணல், தண்ணீரும் தெளிவு. பாலமெல்லாம் பழைய காலத்து மிச்சம்.

அண்ணாச்சி

மணல்மேடு, போர்ன்மத் மணலுக்கு நான் போட்டி சொல்ல மாட்டேன். ஆனால் "பழைய காலத்து மிச்சம்" என்பதை மட்டும் விட்டுவிட முடியாது. அங்கேயும் ஒரு பியர் இருக்கிறதே!

சௌத்எண்ட் பாலம் பட்ட பாட்டைக் கேளுங்கள். இரண்டாம் உலகப் போரில் கடற்படை அதை எடுத்துக்கொண்டது. தேம்ஸிலிருந்து புறப்படும் சரக்குக் கப்பல்களை அங்கேதான் கூட்டம் சேர்த்து அனுப்பினார்கள். போர் முடிவதற்குள் 3,367 கப்பல் தொடர்கள், 84,297 கப்பல்கள் என்று கணக்கு. அதே நேரத்தில் தென்கரைப் பாலங்கள் பலவற்றை நடுவில் வெட்டிவிட்டார்கள், எதிரி வந்து இறங்கிவிடக் கூடாதே என்று.

அப்புறம் தீ. 1959-இல் கரைப்பக்க மண்டபம் எரிந்தது. கடல் முனையில் இருந்தவர்கள் திரும்ப வழியில்லாமல் நிற்க, படகில் வந்து மீட்டார்கள். 1976, 1995, 2005 என்று மறுபடி மறுபடி எரிந்தது. 1986-இல் ஒரு கப்பல் நேராக வந்து பாலத்தை அறுத்துக்கொண்டு போனது. அதற்கும் முன்பே, 1980-இல் நகரசபை பராமரிக்க முடியாது, மூடிவிடுகிறோம் என்றது. ஊர் மக்கள் விடவில்லை. கவிஞர் ஜான் பெட்ஜமன் "சௌத்எண்ட் என்றால் அந்தப் பாலம்தான்" என்ற பொருளில் சொன்னதை அங்கே எல்லாரும் மனப்பாடமாகச் சொல்வார்கள். நடுவில் நின்றுபோயிருந்த ரயில் 1986-இல் திரும்ப ஓடியபோது ஒரு வண்டிக்கு அவர் பெயர், இன்னொன்றுக்கு ஹேகேட்டின் பெயர். 2021-இல் கொலையுண்ட அந்த ஊர் எம்.பி. டேவிட் அமெஸின் பெயரை இப்போதைய மின்கல வண்டி ஒன்றுக்கு வைத்திருக்கிறார்கள். சௌத்எண்டை நகரம் ஆக்க வேண்டும் என்று வாழ்நாள் முழுக்கப் பேசியவர் அவர். 2022-இல் அது நடந்தது, பார்க்க அவர் இல்லை.

இயந்திரங்களின் சத்தம் கரையிலேயே நின்றுவிடும் தம்பி. பாலத்தில் கால் மைல் தாண்டினால் காற்றும் பலகையும்தான்.

சைவச்சாப்பாடு (ரெடிங்)

குறுக்கே ஒரு கேள்வி. கடற்கரையில் சிப்ஸ் சாப்பிடலாமா? மாட்டுக் கொழுப்பில் பொரிப்பதாக யாரோ சொன்னார்கள். என் பெற்றோர் சுத்த சைவம்.

வடக்குக்காற்று (பிரெஸ்டன்)

கேட்டது நல்லது. வடக்கில், குறிப்பாக யார்க்ஷையர் பக்கம், பல கடைகளில் இன்றும் மாட்டுக் கொழுப்புதான், அதுதான் ருசி என்று பெருமையாக எழுதியே வைத்திருப்பார்கள். தெற்கில் பெரும்பாலும் தாவர எண்ணெய். ஆனால் அதே சட்டியில் மீனும் பொரிப்பார்கள். "என்ன எண்ணெய், தனிச் சட்டி உண்டா?" என்று வாசலில் கேளுங்கள், யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். கடற்பறவைகளைப் பற்றியும் எச்சரிக்கிறேன். சிப்ஸை உயர்த்திப் பிடித்தால் பின்னாலிருந்து வந்து கொத்திக்கொண்டு போய்விடும். சுவரைப் பின்னால் வைத்து உட்கார்ந்து சாப்பிடுங்கள்.

பெற்றோருக்கு இனிப்பு வேண்டுமென்றால் "ராக்" என்ற சர்க்கரைக் கோல் வாங்குங்கள். எங்கள் பக்கம் பிளாக்பூலில் அது ஒரு பெரிய தொழில். கோலை எங்கே கடித்தாலும் உள்ளே ஊரின் பெயர் தெரியும். காய்ச்சிய பாகைப் பிசைந்து ஒவ்வொரு எழுத்தையும் கையகலத் தடிமனில், நீளமான பட்டைகளாகச் செய்வார்கள். சிவப்புப் பட்டைக்கு நடுவில் வெள்ளைப் பட்டை அடுக்கி எழுத்தின் வடிவம் வர வைப்பார்கள். எழுத்துகளை வட்டமாகச் சேர்த்து, இழுத்து இழுத்து வெள்ளையாக்கிய பாகை நடுவில் வைத்து, மேலே சிவப்புத் தோல் போர்த்தினால் ஒரு ஆள் தூக்க முடியாத உருளை கிடைக்கும். அது சூடாக இருக்கும்போதே உருட்டி இழுத்துக் கயிறு மாதிரி மெலிதாக்குவார்கள். எழுத்துகளும் கூடவே மெலியும், வடிவம் மாறாது. நம் ஊரில் கமர்கட்டுக்குப் பாகு இழுப்பதைப் பார்த்த யாருக்கும் அந்தக் கைவேகம் புரியும்.

பிளாக்பூலில் மூன்று பியர்கள் உண்டு. 1863-இன் வடக்குப் பாலம் அமைதியானது, அதுதான் எனக்குப் பிடிக்கும். ஆனால் இல்ஃபோர்டிலிருந்து ஒரே நாளில் போய்த் திரும்பும் தூரம் இல்லை.

இரும்புத்தூண் (பிரிஸ்டல்)

அப்பா எஞ்சின் மனிதர் என்பதால் அவருக்காக எழுதுகிறேன். சேற்றில் கல்லால் கட்டினால் இறங்கிவிடும், அலையும் சுவரில் மோதி இடிக்கும். மெல்லிய இரும்புத் தூண்கள் என்றால் அலை நடுவில் புகுந்து போய்விடும். ஆனால் தூணை எப்படி நிற்க வைப்பது? அலெக்சாண்டர் மிட்செல் என்ற பார்வையற்ற ஐரிஷ் பொறியாளர் 1833-இல் ஒரு வழிக்குக் காப்புரிமை பெற்றார். தூணின் அடியில் திருகாணி மாதிரி அகலமான இரும்பு இதழ். அதைத் தரைக்குள் திருகி இறக்க வேண்டும். அவர் அதை வைத்துக் கலங்கரை விளக்கத்துக்கு அடித்தளம் போட்ட இடம் மேப்ளின் மணல்திட்டு, சௌத்எண்டுக்குக் கிழக்கே அதே முகத்துவாரத்தில். பிற்பாடு கடற்பாலம் கட்டியவர்களும் இந்த முறையை எடுத்துக்கொண்டார்கள். சௌத்எண்டின் இரும்புப் பாலத்தை வடிவமைத்த ஜேம்ஸ் பிரன்லீஸ், அதற்கு முன் 1860-இல் சௌத்போர்ட்டில் வேறொரு வழி செய்தார். தூணின் அடியில் குழாய் வழியாகத் தண்ணீரைப் பீய்ச்சி மணலை இளக்கி இறக்கினார்.

நம் ஊருக்கும் இது வந்தது. மதராஸில் துறைமுகம் கட்டுவதற்கு முன், 1860-களில், திருகுத் தூண்கள் மேல் நின்ற இரும்புக் கடற்பாலம் ஒன்று இருந்தது. அதற்கு முன்பெல்லாம் கப்பல் வெளியே நிற்க, மசூலாப் படகுகள்தான் அலையைத் தாண்டி ஆளையும் சரக்கையும் கொண்டுவரும்.

எங்கள் பக்கத்தில் கிளீவ்டன் என்று ஒரு பாலம் உண்டு, 1869. பழைய ரயில் தண்டவாள இரும்பைக் கொண்டு கட்டியது, அவ்வளவு மெல்லிய கால்கள். 1970-இல் பாரம் ஏற்றிச் சோதித்தபோது இரண்டு கண்கள் விழுந்துவிட்டன, திரும்பக் கட்டி 1989-இல் திறந்தார்கள். இந்த நாட்டில் எனக்கு அதைவிட அழகான பாலம் இல்லை. ஒருநாள் வாருங்கள்.

நாகைக்காரன்

போய்வந்தோம். பௌர்ணமிக்கு மறுநாள், சனிக்கிழமை. அட்டவணையில் ஏற்றம் இரண்டேகால் மணிக்கு. நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இல்ஃபோர்டிலிருந்து ஷென்ஃபீல்ட், அங்கே மாறி சௌத்எண்ட் விக்டோரியா. கடைத்தெரு மேட்டில் முடிகிறது, அங்கிருந்து கீழே இறங்க லிஃப்ட் இருந்தது. பதினொன்றரைக்குக் கடலைப் பார்த்தோம். பாதி சேறு, பாதி தண்ணீர். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "உள்ளே போகுதா, வெளியே வருதா?" என்று கேட்டார். "வருதும்மா" என்றேன். நம்பவில்லை. சேற்றில் படுத்திருந்த ஒரு நீலப் படகைக் காட்டி, "அதையே பார்த்துட்டு இரும்மா" என்றேன். பெஞ்சில் உட்கார்ந்து அம்மா அந்தப் படகையே பார்த்தார். இருபது நிமிடத்தில் படகு மெல்ல நிமிர்ந்தது, அப்புறம் மிதந்தது. அலை என்று எதுவும் இல்லை. பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றுவது மாதிரி சத்தமில்லாமல் ஏறியது.

பாலத்து ரயிலில் போனோம். முனையில் இறங்கியதும் அப்பா எங்கள் கையில் இல்லை. இரும்புத்தூண் எழுதியதை முந்தின இரவு வாசித்துக் காட்டியிருந்தேன். கைப்பிடியில் சாய்ந்து கீழே தூண்களையே பார்த்தார். எதுவரை தண்ணீர் ஏறும் என்று பாசி கோடு போட்டு வைத்திருக்கிறது. "இந்த உப்புக் காத்துல நூறு வருஷத்துக்கு மேல இரும்பு நிக்கணும்னா தினமும் ஒருத்தன் சுரண்டிப் பெயிண்ட் அடிச்சுட்டே இருக்கணும்" என்றார். சொல்லி முடித்த கொஞ்ச நேரத்தில், புதுப் பலகை மாற்றிக்கொண்டிருந்த ஆட்களைப் பார்த்துவிட்டார். அவர்கள் பக்கத்தில் கால் மணி நேரம் நின்றார்.

அப்புறம் தூண்டில்காரர்கள். வயதான ஒருவர் ஒரு மீனைத் தூக்கினார், நம் கொடுவா சாயல். அளவுகோல் போட்ட பலகையில் வைத்துப் பார்த்தார், 42 சென்டிமீட்டர் வரவில்லை, திரும்பக் கடலில் விட்டுவிட்டார். யாரும் பார்த்துக்கொண்டிருக்கவில்லை, அவராகவே விட்டார். அப்பா அவர் தோளில் தட்டினார். இரண்டு பேருக்கும் பொது மொழி இல்லை. அந்த மனிதர் தன் முடிச்சைக் காட்ட, அப்பா தன் முடிச்சைப் போட்டுக் காட்ட, அரை மணி நேரம் போனது. கிளம்பும்போது அவர் அப்பாவுக்கு ஒரு ஈயக் குண்டு கொடுத்தார். அது இப்போது எங்கள் வீட்டு ஜன்னல் ஓரத்தில் இருக்கிறது.

அம்மா உயிர்காப்புப் படகு நிலையத்தைப் பார்த்தார். அதில் போகிறவர்களில் பெரும்பாலோர் தொண்டர்கள், வேலையை விட்டுவிட்டு ஓடி வருகிறவர்கள், 1824-இலிருந்து மக்கள் தரும் பணத்தில் நடக்கிறது என்று சொன்னேன். அம்மா பர்ஸைத் திறந்து உண்டியலில் பத்து பவுண்டு போட்டார். சுனாமி அன்றைக்கு எங்கள் கரைக்கு வந்த படகுகளை நினைத்திருப்பார் என்று நினைக்கிறேன். நான் கேட்கவில்லை.

திரும்பும்போது அப்பாவும் பிள்ளைகளும் நடந்தே வந்தார்கள், முக்கால் மணி நேரம். கரையில் சிப்ஸ் (வாசலில் கேட்டோம், தாவர எண்ணெய்). ஒரு பறவை என் சிப்ஸைக் கொண்டுபோனது.

நாலு மணிக்குக் கிளம்பலாம் என்றேன். அம்மாதான், "இரு, அது போறதையும் பார்த்துட்டுப் போவோம்" என்றார். ஐந்தரை வரை உட்கார்ந்திருந்தோம். காலையில் நிமிர்ந்த அதே நீலப் படகு மெல்லச் சாய்ந்தது. சேறு வெளியே வந்தது, பறவைகள் இறங்கி அதைக் கிளறின, வெயில் பட்டு எல்லாம் பித்தளை நிறமாக இருந்தது. அம்மா ஒன்றும் பேசவில்லை. ரயிலில் ஏறியபின், "நாளைக்கு எத்தனை மணிக்குத் திரும்பி வரும்?" என்று கேட்டார். மூன்று மணிக்குச் சற்று முன் என்றேன். வீட்டுக்கு வந்து காலண்டர் தாளில் அதைக் குறித்து வைத்தார். அதிலிருந்து தினமும் கேட்டுக் குறிக்கிறார்.

இப்போது புதுக் கேள்வி. அடுத்து ஆடி அமாவாசை வருகிறது. தாத்தாவுக்காகக் கடலில் இறங்கித் தர்ப்பணம் செய்ய வேண்டும் என்கிறார் அப்பா. சௌத்எண்டில் முடியுமா? ஊரில் விடியற்காலையிலேயே போய்விடுவோம்.

அண்ணாச்சி

விடியற்காலையில் போனால் தண்ணீர் ஒரு மைல் தள்ளி இருக்கும். அமாவாசை அன்று காலை ஏழரை மணிவாக்கில்தான் பெரிய வற்றம். பதினொன்றரைக்கு மேல் மணலுக்குப் பக்கத்தில் வந்துவிடும், பன்னிரண்டுக்கு முழங்கால் ஆழம் கிடைக்கும். கடற்கரைச் சாலையிலிருந்து இறங்கும் சாய்தளம் ஏதாவது ஒன்றின் பக்கம் நில்லுங்கள், அம்மாவுக்கும் சுலபம்.

குறிகட்டுவான்

ஊரில் என்றால் கீரிமலைக்குப் போவோம். இங்கே வந்த பிறகு நானும் அப்பாவுக்கு வீட்டிலேயே செய்துவிடுவேன், கடலுக்குப் போனதில்லை. எள்ளும் தண்ணீரும் மட்டும் விடுங்கள், பிளாஸ்டிக், துணி எதுவும் கடலில் போட வேண்டாம். முழங்காலுக்கு மேல் இறங்க வேண்டாம், பெருக்கு ஏறிக்கொண்டிருக்கும் நேரம் அது.

எத்தனை மணிக்கு ரயில் ஏறுகிறீர்கள் என்று சொல்லுங்கள். நானும் வருகிறேன்.

நாகைக்காரன்

ஒன்பதே முக்கால், இல்ஃபோர்டு ஸ்டேஷன் வாசல். அம்மா உங்களுக்கும் சேர்த்துப் புளிச்சாதம் கட்டுவதாகச் சொல்லச் சொன்னார்.